எண்ணங்களை அளக்கும் வினாக்கள்: அந்த மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் ஆய்வகம் ஓர் எண்ணைத் தருகிறது. எலும்பு முறிந்திருக்கிறதா என்று கேட்டால் எக்ஸ்ரே படம் விடை சொல்கிறது. ஒருவருடைய சிந்தனை ஒழுங்கு குலைந்திருக்கிறதா என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ படமோ இன்றுவரை இல்லை. மனநலப் பிரிவில் சிலருக்கு ஸ்கேன் எடுப்பதுண்டு. மூளைக்கட்டி போன்ற வேறு காரணங்கள் உள்ளனவா என்று அறியவே அது எடுக்கப்படுகிறது. மனச்சிதைவு நோய் உள்ளதா, எந்த அளவில் உள்ளது, மருந்தால் குறைகிறதா என்பனவற்றை மருத்துவர் உரையாடியும், வரையறுத்த வினாக்களைக் கேட்டும், கூர்ந்து கவனித்துமே மதிப்பிடுகிறார்.

இதனால் குடும்பத்தினருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. "நாலு கேள்வி கேட்டு ஒரு நோயை எப்படிங்க சொல்ல முடியும்?" என்ற வினா நியாயமானது. அந்த மதிப்பெண்ணைச் சார்ந்து மருந்தின் அளவு கூடலாம், குறையலாம். உள்நோயாளியாகச் சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவில் அதற்குப் பங்குண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இத்தகைய மதிப்பெண்ணைப் பொறுத்தே அமைகின்றன. இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் வினாநிரல்களை யார், எவ்வாறு சோதிக்கிறார்கள் என்பதை நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருப்பூர் வட்டாரத்தில் வாழ்வோருக்கு இதை விளக்குவது எளிது. துணியின் எடை, நிறம், சுருக்கம், தையல் என ஒவ்வொன்றையும் அளந்து சோதித்த பின்னரே சரக்கு அனுப்பும் ஊர் இது. அளக்கும் கருவி சரியாக இல்லையென்றால் என்ன இழப்பு நேரும் என்பதை இங்குள்ளோர் நன்கு அறிவர்.

சிந்தனையை எவ்வாறு பார்ப்பது?

ஒருவருடைய எண்ணத்தை எவரும் நேரில் காண முடியாது. அவருடைய பேச்சைத்தான் கேட்க முடியும். பேச்சின் ஒழுங்கைக் கொண்டே சிந்தனையின் ஒழுங்கை ஊகிக்கிறோம்.

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கிறோம் என்று கொள்வோம். "இட்லி. இட்லி வெள்ளை. வெள்ளை நூல் கோனில் இருக்கிறது. கோன் கோபுரம் மாதிரி. கோபுரத்தில் புறா வந்துவிட்டது" என்று ஒருவர் விடையளிக்கலாம். ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லுக்கு இழுத்துச் செல்கிறது. கேட்ட கேள்வி பின்தங்கிவிடுகிறது. இது தடம் மாறும் பேச்சு. மற்றொருவர் எதைக் கேட்டாலும் ஓரிரு சொற்களோடு நின்றுவிடலாம். இது பேச்சு வறட்சி. இன்னொருவர் ஊர்க்கதை முழுவதையும் சுற்றி வந்தாலும் கடைசியில் விடைக்கு வந்து சேர்ந்துவிடலாம். முதலாமவருடைய பேச்சும் இவருடைய பேச்சும் கேட்பவருக்கு ஒன்றுபோல் தோன்றக்கூடும். ஆயினும் அவை வேறு வேறு.

அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்டிரியாசன் 1979இல் இவ்வகைக் குலைவுகளை 18 வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதி, ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதற்கு முன்னர் 'இவருடைய சிந்தனை குழம்பியிருக்கிறது' என்று ஒரு மருத்துவர் எழுதினால் அதன் பொருள் என்ன என்பதில் மற்றொரு மருத்துவருக்கு ஐயம் எழும். வரையறை வந்த பிறகு இருவரும் ஒன்றையே எண்ணிப் பேச வழி பிறந்தது. அந்த ஆய்வு மற்றோர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. தடம் மாறும் பேச்சு மனச்சிதைவு நோயில் மட்டும் காணப்படுவதன்று. மிகை மனவெழுச்சி உள்ளவர்களிடமும் அது காணப்படுகிறது. ஆகவே, பேச்சு குழம்பியிருக்கிறது என்ற ஒன்றைக் கொண்டு நோயின் பெயரை முடிவு செய்தல் ஆகாது.

இருவர் பார்த்தால் ஒரே விடை வருமா?

ஒரு வினாநிரலுக்கு வைக்கப்படும் முதன்மையான சோதனை இது. ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே மதிப்பிட்டால் ஒரே மதிப்பெண் வருகிறதா?

செக்கிங் மேசையை எண்ணிப் பாருங்கள். 100 பனியன்களை முதலில் ஒருவர் சோதித்துப் பழுதானவை என 10ஐக் குறிக்கிறார். அவர் குறித்தவை எவை என்று அறியாமல் இரண்டாமவர் அதே 100ஐச் சோதித்து, அவரும் 10ஐக் குறிக்கிறார். ஒப்பிட்டுப் பார்த்தால் இருவரும் குறித்த பொதுவான பனியன்கள் 4 மட்டுமே. இருவரும் 'நல்லது' என்று விட்டவை 84. ஆக, 100இல் 88 பனியன்களில் இருவரும் ஒத்துப்போயிருக்கிறார்கள். 88 விழுக்காடு என்பது கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. உண்மையிலோ, பழுதைக் கண்டறிவதில் பாதிக்கும் குறைவாகவே ஒத்துப்போயிருக்கிறார்கள். இருவரும் பாராமலே ஆளுக்கு 10ஐ எடுத்து வைத்திருந்தாலும் சராசரியாக 82இல் ஒப்பு வந்திருக்கும்.

இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க, தற்செயலாக நேரும் ஒப்பைக் கழித்துவிட்டு எஞ்சியதை மட்டும் கணக்கிடும் முறையை ஜேக்கப் கோஹன் என்னும் அறிஞர் 1960இல் வகுத்தார். 'கப்பா' என்று அதற்குப் பெயர். 1 என்றால் முழு ஒப்பு. 0 என்றால் தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லை. நம் எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 0.33 மட்டுமே. 'எங்கள் மதிப்பீட்டில் இத்தனை விழுக்காடு ஒப்பு' என்று மட்டும் சொன்னால் ஆய்வாளர்கள் நிறைவடையாமல் கப்பாவைக் கேட்பது இதனால்தான்.

இந்தச் சோதனை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1960களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோய் என்று குறிக்கப்பட்டவர்களின் விகிதம் பிரிட்டனில் இருந்ததைவிட மிகுதியாக இருந்தது. அமெரிக்கர்களிடம் நோய் மிகுதியா, அல்லது மருத்துவர்களின் பார்வை வேறா என்ற கேள்வி எழுந்தது. நியூயார்க்கிலும் லண்டனிலும் ஒரே ஆய்வுக் குழு, ஒரே வகையான வினாக்களைக் கொண்டு நோயாளிகளை மதிப்பிட்டது. வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துபோனது. நோயாளிகளைவிட மருத்துவர்களின் அளவுகோல்களே மிகுதியாக வேறுபட்டிருந்தன என்பது 1972இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. ஒரு கடலைக் கடந்தால் நோயின் பெயர் மாறிவிடும் நிலை இருந்தது என்பதை அறிந்த மருத்துவ உலகம் அதன்பின் அளவுகோல்களைச் சோதிப்பதில் மிகுந்த கவனம் செலுத்தலாயிற்று.

அதே காலத்தில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளிகளைக் கொண்டு மனச்சிதைவு நோய் பற்றிய முன்னோடி ஆய்வை நடத்தியது. இந்தியாவின் சார்பில் ஆக்ரா அதில் இடம்பெற்றது. வெவ்வேறு மொழி பேசும் மருத்துவர்கள் ஒரே வினாநிரலில் பயிற்சி பெற்று, ஒன்றாக அமர்ந்து மதிப்பிட்டு, ஒப்பைச் சோதித்தனர். குரல் கேட்கிறது என்பது போல நோயாளியே எடுத்துச் சொல்லும் அறிகுறிகளில் ஒப்பு நன்றாக இருந்தது. முகபாவம், நடத்தை போன்று மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவற்றில் அது குறைவாக இருந்தது. சிந்தனைக் குலைவும் பெரிதும் மருத்துவர் கேட்டு உணர வேண்டிய ஒன்றே. அதை மதிப்பிடுவோருக்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இன்று கேட்டாலும் நாளை கேட்டாலும்

இரண்டாவது சோதனை காலத்தைப் பற்றியது. நோயாளியின் நிலை மாறாதிருக்கும்போது, சில நாள் இடைவெளியில் மீண்டும் கேட்டால் அதே மதிப்பெண் வர வேண்டும். இடைவெளி மிகக் குறைந்தால் முன்பு சொன்ன விடையையே நினைவிலிருந்து சொல்லிவிடுவார்கள். மிக நீண்டால் நோயின் நிலையே மாறிவிடும்.

துணியின் ஜி.எஸ்.எம். பார்ப்பதை ஒப்பிடலாம். வட்டக் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி எடை போடுகிறோம். 1.8 கிராம் என்றால் 180 ஜி.எஸ்.எம். பருத்தி ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. மழைநாளில் அதே துணி சற்றுக் கூடுதல் எடை காட்டும். எனவே ஆய்வகங்களில் துணியைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்திருந்து, அதன் பின்னரே எடை போடுகிறார்கள்.

மனிதருக்கும் இதுபோன்ற ஈரம் உண்டு. இரண்டு இரவு ஷிப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு உறங்காமல் வருபவருடைய பேச்சு தடுமாறும். முந்தைய நாள் மது அருந்தியவருடைய கவனம் சிதறும். காய்ச்சல், பசி, புதிதாகத் தொடங்கிய மருந்தின் மயக்கம் ஆகிய அனைத்தும் மதிப்பெண்ணை அசைக்கக்கூடியவை. ஒரே நாளில் ஒருமுறை பெற்ற மதிப்பெண்ணை இறுதியானதாகக் கொள்ளாமல் மருத்துவர்கள் மீண்டும் வரச்சொல்வது இதனால்தான்.

நம்பகம் வேறு, உண்மை வேறு

நீண்டுபோன அளவு டேப்பைக் கொண்டு ஒரு சட்டையைப் பத்து முறை அளந்தாலும் ஒரே எண்தான் வரும். பத்து முறையும் அது தவறான எண்ணாகவே இருக்கும். எப்போதும் ஒரே விடையைத் தருவது நம்பகத்தன்மை. அளக்க வேண்டியதையே அளப்பது ஏற்புடைமை. இவ்விரண்டும் சேர்ந்திருந்தால்தான் வினாநிரல் பயன்படும்.

"யாராவது உங்களைத் தொடர்ந்து கண்காணிப்பதாக உணர்கிறீர்களா?" என்பது இவ்வகை வினாநிரல்களில் இடம்பெறும் கேள்விகளுள் ஒன்று. பணியிடத்தில் கேமராவும், விடுதியில் காப்பாளரும் உள்ள ஓர் இளம்பெண் தொழிலாளி "ஆமாம்" என்றே சொல்வார். எந்த மருத்துவர் எத்தனை முறை கேட்டாலும் அவர் அதையே சொல்வார், அது உண்மையும்கூட. அதை நோயின் அறிகுறியாகக் குறித்துவிட்டால், முழு ஒப்போடு ஒரு தவறு நிகழ்ந்துவிடும். "யார் பார்க்கிறார்கள்? எதற்காக? வீட்டுக்குப் போன பிறகும் பார்க்கிறார்களா?" என்று மேலும் கேட்டால்தான் உண்மை விளங்கும். பயிற்சி பெற்ற மருத்துவர் இத்தகைய துணை வினாக்களைக் கேட்டே மதிப்பெண் இடுகிறார். கைப்பேசியில் தாமே நிரப்பிக்கொள்ளும் படிவங்களில் இந்த வாய்ப்பு இல்லை.

மொழி மாறும்போது

இவ்வினாநிரல்களுள் பல ஆங்கிலத்தில் பிறந்தவை. தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பாராத வேறொருவர் அதை மீண்டும் ஆங்கிலத்தில் எழுதுவார். இரண்டு ஆங்கில வடிவங்களும் எங்கு மாறுபடுகின்றனவோ அங்கு மொழிபெயர்ப்பு திருத்தப்படும். அதன் பின்னர் தமிழ் பேசும் நோயாளிகளிடம் சோதித்து, ஒப்பை முதலிலிருந்து மீண்டும் கணக்கிட வேண்டும். ஆங்கிலத்தில் பெற்ற நம்பகத்தன்மை தமிழுக்குத் தானாக வந்து சேராது.

பழமொழிக்குப் பொருள் கேட்பது மனநல மருத்துவத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பதற்கு 'விடாமுயற்சி' என்று சொல்கிறாரா, 'அம்மிக்கல் நகர்கிறது' என்று மட்டும் சொல்கிறாரா என்று பார்ப்பார்கள். அம்மியையே காணாது மிக்ஸியோடு வளர்ந்த இளைஞரும், பள்ளிக்கு அதிகம் செல்லாத முதியவரும், ஒடிசாவிலிருந்து வந்து வேலைக்காகத் தமிழ் கற்றவரும் இதற்குத் தரும் விடைகளைக் கொண்டு சிந்தனையை எடைபோடலாமா? பழமொழிச் சோதனையின் நம்பகத்தன்மை குறைவு என்பதை ஆண்டிரியாசன் 1977இலேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். இன்று அது முடிவுக்கான சான்றாகக் கொள்ளப்படுவதில்லை.

பின்னலாடைத் தொழிலுக்காகப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து இங்கு வாழ்வோர் பலர். இவர்களோடு பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். பெரும்பாலும் உடன் தங்கியிருப்பவரே அந்தப் பணியைச் செய்கிறார். அவர் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு செயல் மதிப்பீட்டைப் பாழாக்கிவிடக்கூடும். நோயாளி குழப்பமாகச் சொன்னதை ஒழுங்குபடுத்தி, "வயிறு சரியில்லை என்கிறார்" என்று சுருக்கிவிடுவார். அறிகுறியே அந்தக் குழப்பம்தான். அது மொழிபெயர்ப்பில் மறைந்துவிடுகிறது. புரியாததையும் புரியாதபடியே சொல்லுமாறு மொழிபெயர்ப்பாளரை நாங்கள் வேண்டுவது இதற்காகவே.

தமிழ்நாட்டில் நடந்த பணி

இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கு சிறப்பானது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராகப் போற்றப்படும் மருத்துவர் எம். சாரதா மேனன் 1984இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். அங்கு மருத்துவர் ஆர். தாராவும் அவருடைய குழுவினரும், உலக சுகாதார நிறுவனத்தின் இயலாமை அளவுகோலை நம் சூழலுக்கு ஏற்ப மாற்றி 1988இல் வெளியிட்டனர். நோயாளியைப் பேணும் குடும்பத்தினரின் சுமையை அளக்கும் அளவுகோல் ஒன்றை அவர்கள் 1998இல் வெளியிட்டனர். பேணுவோரிடமே பேசி, அவர்கள் சொன்ன இடர்ப்பாடுகளிலிருந்து அதன் வினாக்கள் உருவாக்கப்பட்டன.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் கே.எஸ். ஜேக்கப்பும் உடன் பணியாற்றியோரும் நோயாளிகள் தம் நோயை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்தனர். செய்வினை, தெய்வக் குற்றம் என்று நம்புவோர் அதே வேளையில் மருந்தும் உட்கொள்கிறார்கள். இரண்டு விளக்கங்களும் ஒரே மனத்தில் அருகருகே இருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. ஆகவே, கோயிலுக்கு நேர்ந்துகொண்டார் என்பதற்காக ஒருவருக்குத் தம் நோயைப் பற்றிய உணர்வே இல்லை என்று மதிப்பெண் இடுவது தவறாகிவிடும்.

மதிப்பெண்ணைப் படிக்கும் முறை

மருத்துவக் கோப்பில் 'பான்ஸ்' என்ற சொல்லையும் அருகில் ஓர் எண்ணையும் நீங்கள் காணலாம். இது 1987இல் வெளியான அளவுகோல். இதில் 30 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அறிகுறியே இல்லையென்றாலும் ஒவ்வொரு கூறுக்கும் 1 உண்டு. எனவே மிகக் குறைந்த மதிப்பெண் 30. பூச்சியம் என்பது இதில் கிடையாது. 90ஆக இருந்தது 60ஆகக் குறைந்தால், மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகத் தோன்றும். அடிப்படையான 30ஐக் கழித்துப் பார்த்தால் 60 என்பது 30ஆகியிருக்கிறது. அதாவது பாதி குறைந்திருக்கிறது. இது நம்பிக்கை தரும் செய்தி.

மற்றொன்று 'ஐடியாஸ்' எனப்படும் இந்திய இயலாமை மதிப்பீட்டு அளவுகோல். 2002இல் மைய அரசு இதை அறிவிக்கை செய்தது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்கும் ஒவ்வொன்றும் 0 முதல் 4 வரை மதிப்பிடப்படுகின்றன. நோய் நீடித்த காலத்துக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 7ஐ எட்டினால் 40 விழுக்காடு இயலாமை என்று கொள்ளப்படும். சான்றிதழின் பயன்கள் பலவற்றுக்கு அதுவே எல்லைக்கோடு. 6க்கும் 7க்கும் இடையிலுள்ள ஒரே ஒரு மதிப்பெண் ஒரு குடும்பத்தின் உதவித்தொகையைத் தீர்மானிக்கக்கூடும். இருவர் மதிப்பிட்டாலும் ஒரே எண் வர வேண்டும் என்று வற்புறுத்துவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

மதிப்பீடு சரியாக அமைய நோயாளியும் குடும்பத்தினரும் பெரிதும் உதவ முடியும்.

1. நோயாளி சொன்னவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே, நாளோடு குறித்து வாருங்கள். 'பைத்தியம்போலப் பேசினார்' என்பதைவிட, அவர் பேசிய இரண்டு வாக்கியங்கள் மருத்துவருக்கு அதிகம் பயன்படும்.

2. உறக்கம், இரவு ஷிப்ட், மது, புகையிலை, விட்டுப்போன மருந்துவேளைகள் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

3. கேள்வி நோயாளியிடம் கேட்கப்படும்போது அவரே விடை சொல்லட்டும். அவருடைய பேச்சைத் திருத்த வேண்டாம். 'இப்படிச் சொல்' என்று முன்கூட்டியே பழக்க வேண்டாம். உங்கள் கருத்தைக் கேட்கத் தனி நேரம் ஒதுக்கப்படும்.

4. மருத்துவர் மீதுள்ள மரியாதையால் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்று சொல்லிவிட வேண்டாம். புரியாவிட்டால், "இன்னொரு முறை சொல்லுங்க" என்று கேட்பதே முறை.

5. வீட்டில் பேசும் மொழி தெலுங்கோ, கன்னடமோ, இந்தியோ, ஒடியாவோ எதுவாயினும் முதலிலேயே தெரிவியுங்கள்.

6. இயன்றவரை ஒவ்வொரு முறையும் நோயாளியோடு நாள்தோறும் வாழும் ஒருவரே உடன் வாருங்கள்.

7. எந்த அளவுகோல், என்ன மதிப்பெண், சென்ற முறை எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள். தம் நோயையும் சிகிச்சையையும் பற்றி அறியும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு வழங்குகிறது. மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால் மறுமதிப்பீடு கோரலாம். வேறொரு மருத்துவரின் கருத்தையும் நாடலாம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டாலோ, உண்ணாமல் உறங்காமல் அச்சத்தில் இருந்தாலோ, எந்த மதிப்பெண்ணுக்காகவும் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 'டெலி மானஸ்' என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

வினாநிரல் ஒரு கருவி. நன்கு சோதிக்கப்பட்டு, பயிற்சி பெற்றவர் கையில், நோயாளிக்குப் புரியும் மொழியில் பயன்படும்போது அது நம்பத்தக்கது. நான்கு கேள்விகளில் எவரும் ஒரு நோயை முடிவு செய்வதில்லை. கேள்விகளோடு மருத்துவரின் கவனிப்பும், பல நாள் தொடர் பார்வையும், அவரோடு வாழும் உங்கள் சொல்லும் சேர்ந்தே அந்த முடிவு உருவாகிறது. அடுத்த முறை வரும்போது உங்கள் குறிப்பேட்டையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.